முதலில் தமனி, பிறகு கடிகாரம், கடைசியில் பெப்டைடு: நெல்லையில் ஓர் ஆய்வைத் தொடங்கும் முன்

தமனி நோயைப் படத்தில் காட்டும் பெப்டைடு (சில அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலி) ஒன்றை உருவாக்குவோம் என்று திருநெல்வேலியில் ஒரு சிறு குழு கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்திலிருந்தோ பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றிலிருந்தோ வேதியியல் ஆய்வாளர் ஒருவர், அணு மருத்துவம் படித்த மருத்துவர் ஒருவர், ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர். கையில் மூன்றாண்டுக்கான நிதி. முதல் நாள் பேச்சு எங்கே தொடங்கும் என்பதைச் சொல்லிவிடலாம்: எந்த பெப்டைடு? ஆய்வுக் கட்டுரைகளெல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன, அதனால் நாமும் அங்கேயே தொடங்குகிறோம். பெப்டைடு முடிவானபின் எந்தக் கதிரியக்கத் தனிமத்தை ஒட்டுவது என்று யோசிப்போம். எந்தத் தமனியைப் பார்க்கப்போகிறோம் என்ற கேள்வி கடைசியில், பெரும்பாலும் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முந்தைய இரவில், வந்து சேரும்.

இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பது என் கட்சி. முதலில் தமனி, அடுத்து அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகத் தேய எடுக்கும் நேரம்), பெப்டைடு கடைசி. கதிரியக்கத் தனிமம் தயாரிக்கும் சைக்ளோட்ரான் எந்திரத்துக்கு அடுத்த கட்டடத்தில் உட்கார்ந்து ஆய்வு செய்பவருக்கு வரிசை எப்படி இருந்தாலும் நஷ்டமில்லை. நமக்கு உண்டு.

ஆஞ்சியோகிராம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஆஞ்சியோகிராமில் செலுத்தும் மருந்து, ரத்தம் ஓடும் வழியைத்தான் நிரப்பிக் காட்டுகிறது, சுவரைக் காட்டுவதில்லை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் தடையில்லாமல் ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கரை எந்த இடத்தில் உடையும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கொழுப்புப் படிவு வளரும்போது தமனி முதலில் வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கிறது. தமனியின் உள் மீள்படலத்துக்குள் அடங்கும் குறுக்குவெட்டுப் பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதத்தைப் படிவு அடைத்த பிறகே உள்வழி குறுகத் தொடங்குகிறது என்று 1987-இல் கிளாகோவ் குழுவினர் காட்டினார்கள். மாரடைப்பை உண்டாக்கும் படிவுகளில் பல, பெரிய அடைப்பாக இருந்தவை அல்ல. மெல்லிய மூடி, அடியில் கொழுப்புக் குழம்பு, அந்த மூடியை நொதிகளால் அரித்துக்கொண்டிருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் (கழிவை விழுங்கும் வெள்ளையணுக்கள்) என்று சுவருக்குள்ளேயே அழற்சியோடு காத்திருந்தவை. அந்தச் செல்களையோ, அவற்றின் சுற்றத்தையோ தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு மூலக்கூறும், அது இருக்கும் இடத்தை வெளியே சொல்லும் ஒரு விளக்கும்தான் நமக்குத் தேவை.

அந்தத் தேடும் வேலைக்கு ஆன்டிபாடியும் உண்டு. அது 1,50,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள பெரிய மூலக்கூறு. ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றும். ரத்தக் குழாயின் சுவரைப் பார்க்க வேண்டிய இடத்தில் ரத்தமே ஒளிர்ந்துகொண்டிருந்தால் சுவர் எங்கே தெரியும்? பெப்டைடு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு டால்டன்தான். ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டிவிட்டு, மிச்சம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும். தமனியைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டில் இழுபறியே இல்லை.

பெப்டைடே வேண்டாம் என்ற வழியையும் நேர்மையாக எடைபோட வேண்டும். எஃப்டிஜி என்ற கதிரியக்கச் சர்க்கரை ஏற்கெனவே புற்றுநோய் ஸ்கேனுக்காகப் புழக்கத்தில் இருக்கிறது. மேக்ரோஃபேஜ் சர்க்கரையை விரும்பி உண்பதால் கழுத்துத் தமனியின் அழற்சி அதில் தெரியும். கோளாறு என்னவென்றால் இதயத் தசையும் சர்க்கரை உண்ணும். அது ஒளிர்ந்தால் அதன்மேல் ஒட்டி ஓடும் இதயத் தமனி மறைந்துபோகும். கதிரியக்கச் சோடியம் ஃபுளோரைடு இன்னொன்று. எடின்பரோ குழுவினர் 2014-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், மாரடைப்பு வந்த 40 பேரில் 37 பேருக்கு, கோளாறுக்குக் காரணமான படிவிலேயே ஃபுளோரைடு அதிகம் சேர்ந்திருந்தது. அதற்குப் பெப்டைடு தயாரிப்பும் வேண்டாம், ஒட்டுவேலையும் வேண்டாம். நோயைக் கண்டறிவது மட்டுமே நோக்கம் என்றால் அதை எடுத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் ஃபுளோரைடு காட்டுவது சுண்ணாம்பு படிவதை. ஸ்டேட்டின் மாத்திரை கொடுத்து அழற்சி தணிந்தாலும் சுண்ணாம்பு குறைவதில்லை, சில நேரம் கூடுகிறது. கொடுத்த மருந்து சுவரைச் சாந்தப்படுத்தியதா என்று அறிய விரும்பினால் அழற்சிச் செல்லையே காட்டும் ஒன்று வேண்டும். பெப்டைடுக்கான நியாயம் அங்கே இருக்கிறது. ஊரெல்லாம் பரிசோதனை முகாம் போட்டுப் பார்க்கும் கருவியாக இது ஆகாது. அப்படி எழுதும் விண்ணப்பங்களை நான் நம்புவதில்லை.

எந்தத் தமனி?

மக்கள் மாரடைப்பால் சாகிறார்கள், ஆகவே இதயத் தமனி என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். உணர்ச்சி சரி, கணக்கு உதைக்கிறது. இதயத் தமனியின் விட்டம் 3, 4 மில்லிமீட்டர். சுவரில் உள்ள படிவு அதைவிடச் சிறியது. பாசிட்ரான் என்ற துகளை உமிழும் தனிமத்தை வைத்துப் படமெடுக்கும் நல்ல பெட் கருவியே 4 முதல் 5 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பிரித்துக் காட்டும். காமா கதிரைப் பிடிக்கும் சாதாரணக் காமா கேமராவின் ஸ்பெக்ட் படம் ஏறக்குறைய அதில் பாதித் தெளிவுதான். போதாததற்கு இதயம் துடிக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது. இவற்றையெல்லாம் கணினியில் திருத்தும் முறைகள் இருக்கின்றன, பெரிய மையங்களில் அதற்கென்றே ஆட்களும் இருக்கிறார்கள். மூன்று பேர் கொண்ட குழுவுக்கு அது தனியான ஓர் ஆராய்ச்சித் திட்டம்.

கழுத்துத் தமனி தோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அசைவு குறைவு. எந்த இடத்தில் படிவு இருக்கிறது என்பதை ரத்த ஓட்டத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் முன்கூட்டியே சொல்லிவிடும். நம் படம் அதோடு பொருந்துகிறதா என்று உடனே சரிபார்க்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாயம், பக்கவாத அபாயம் உள்ளவர்களுக்குச் சில நேரம் அந்தப் படிவையே அறுவை சிகிச்சையில் எடுத்துவிடுகிறார்கள். ஸ்கேனில் பார்த்த அதே பொருள் மறுநாள் தட்டில் வந்து விழுகிறது. இதயத் தமனி ஆய்வில் இந்த வசதி உயிரோடிருக்கும் நோயாளியிடம் பெரும்பாலும் கிடைக்காது.

நம் பக்கத்தில் மூன்றாவது ஒன்றையும் பலர் சொல்வார்கள்: கால் தமனி. சர்க்கரை நோயால் கால் அழுகி, அகற்றும் நிலைக்கு வருபவர்கள் நம் அரசு மருத்துவமனைகளுக்குப் புதியவர்கள் அல்ல. அகற்றிய காலிலிருந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் நோயாளியின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடும், தமனியை எடுத்து ஆராயலாம், மாதிரிக்குப் பஞ்சமிருக்காது. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. நீண்ட நாள் சர்க்கரை நோயில் கால் தமனியின் நடு அடுக்கே சுண்ணாம்பாகிப் போகும். அது உள் அடுக்கில் வளரும் கொழுப்புப் படிவிலிருந்து வேறான நோய். கத்தியில் அறுத்தால் முட்டை ஓடு உடைவதுபோல் நொறுங்கும் அந்தக் குழாயில் மேக்ரோஃபேஜ் அதிகம் இல்லாமலும் இருக்கலாம். பெப்டைடு ஒட்டவில்லை என்றால் பெப்டைடு மோசமா, மாதிரி தவறா என்று தெரியாமல் ஓராண்டு போய்விடும். கால் தமனியை, ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டாமல் இருக்கிறதா என்று பார்க்கும் எதிர்ச்சான்றாக வைத்துக்கொள்ளலாம். முதல் இலக்காக வேண்டாம்.

ஆக, கழுத்துத் தமனி. அங்கேயே தெரியாத பெப்டைடு இதயத்தில் தெரியப்போவதில்லை.

கடிகாரம்

கதிரியக்கத் தனிமத்தை எங்கே வாங்குவது என்ற பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர், “கூடங்குளம் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது அண்ணாச்சி, அங்கேயே வாங்கிவிடலாமே?” என்பார். வாங்க முடியாது. கூடங்குளத்து உலைகள் ஒவ்வொன்றும் 1000 மெகாவாட் மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டப்பட்டவை. மருத்துவத்துக்கான கதிரியக்கத் தனிம வகைகள் (ஐசோடோப்புகள்) ட்ராம்பேயில் உள்ள துருவா போன்ற ஆராய்ச்சி உலைகளிலும், ஃபுளோரின்-18 போன்றவை சைக்ளோட்ரானிலும் தயாராகின்றன. ராதாபுரம் தாலுகாவில் உலை இருப்பதால் நமக்கு இதில் ஒரு மணி நேரமும் மிச்சமாகாது.

மிச்சமாக வேண்டியது அந்த மணி நேரம்தான். ஃபுளோரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம். மதுரையிலிருந்து நெல்லைக்குச் சுமார் 160 கிலோமீட்டர். ஈயப் பெட்டியில் அடைத்து, காகிதம் சரிபார்த்து, வண்டி வந்து இறங்க 3 மணி நேரம் என்று வையுங்கள். அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நம் கைக்கு வரும். அதன் பிறகுதான் பெப்டைடோடு ஒட்டும் வேலையே தொடங்கும். எஃப்டிஜி மாதிரி ஒட்டி முடித்த மருந்தாக வந்தால் சமாளிக்கலாம். புது பெப்டைடை நமக்காக ஒட்டி அனுப்ப எந்தச் சைக்ளோட்ரான்காரரும் வரிசையில் நிற்கவில்லை. அலுமினியம் ஃபுளோரைடாக மாற்றி ஒரே படியில் ஒட்டும் நல்ல முறை 2009-இலிருந்து இருக்கிறது; வேதியியல் அழகானது, தூரத்தை அது குறைப்பதில்லை.

கேலியம்-68-க்குச் சைக்ளோட்ரான் வேண்டாம். தேய்ந்து கேலியமாக மாறிக்கொண்டிருக்கும் ஜெர்மானியம்-68 அடைத்த ஜெனரேட்டர் என்ற கலத்தை வாங்கி வைத்துக்கொண்டால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி வேண்டும்போது கேலியத்தை வடித்துக்கொள்ளலாம். அரை ஆயுள் 68 நிமிடம். வடித்த பிறகு 3, 4 மணி நேரத்தில் மறுபடி ஊறிவிடும். உலோக அணுவைக் கவ்விக்கொள்ளும் டோட்டா என்ற பிடிப்பான் கூண்டு கட்டிய பெப்டைடோடு சேர்த்துச் சூடாக்கினால் 10 நிமிடத்தில் வேலை முடிந்தது. உலகத்தில் தமனி பெப்டைடு ஆய்வுகளில் பெரும்பகுதி இதில்தான் நடக்கிறது. படமும் பெட் என்பதால் தெளிவு கூடுதல். இதில் உமிழப்படும் பாசிட்ரான் ஃபுளோரினுடையதைவிட வேகமானது, திசுவுக்குள் கொஞ்சம் தூரம் ஓடிவிட்டு மறைவதால் ஓரங்கள் சற்று மங்கும் என்பது சின்னக் குறை. இன்னொரு நல்ல வசதி, கதிரியக்கமில்லாத சாதாரணக் கேலியத்தை ஒட்டி, அதே மூலக்கூறைக் கல்லூரி ஆய்வகத்திலேயே எடை பார்த்து உறுதிசெய்யலாம்.

பிறகு ஏன் தயங்குகிறேன்? பணம். ஜெனரேட்டர் பல லட்சம் ரூபாய். ஜெர்மானியத்தின் அரை ஆயுள் 271 நாள்; நீங்கள் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அது தேய்ந்துகொண்டே இருக்கும். நாளும் புற்றுநோயாளிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் மையத்தில் அந்தச் செலவு பலரிடம் பங்காகிறது. மாதம் இரண்டு மூன்று பேரைச் சேர்க்கும் ஆய்வுக்காக மட்டும் அதை வாங்குவது, நிதியில் பாதியை அலமாரியில் பூட்டி ஆவியாக விடுவது.

ஸ்பெக்ட் படத்துக்கான டெக்னீசியம்-99எம் பழைய ஆள். அரை ஆயுள் 6 மணி நேரம். மேலே சொன்ன அதே 3 மணி நேரப் பயணத்தில் 70 சதவீதம் உயிரோடு வந்து சேரும். அதுகூடத் தேவைப்படாது, எலும்பு, தைராய்டு, இதய ஸ்கேன் எடுக்கும் எந்த அணு மருத்துவப் பிரிவும் டெக்னீசியத்தைத் தரும் மாலிப்டினம் ஜெனரேட்டரை வாரந்தோறும் தன் தேவைக்கே வாங்குகிறது. காலை நோயாளிகள் முடிந்தபின் மதியம் குப்பியில் மிஞ்சும் டெக்னீசியம், ஆய்வாளருக்குக் கிட்டத்தட்ட இலவசம். ஈயக் கலத்துக்குள் இருக்கும் ஜெனரேட்டரின் ஒரு பக்கம் உப்புநீர்க் குப்பி, மறுபக்கம் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றுக் குப்பி. குத்தியதும் வெற்றிடம் உப்புநீரை அலுமினா வழியாக இழுத்துக்கொள்ளும், சில நிமிடத்தில் நிறமற்ற நீர் சேர்ந்திருக்கும். அதை உறைய உலர்த்திய பொடிக் குப்பியில் சேர்த்துச் சூடாக்குவதுதான் மிச்ச வேலை. பொடியில் பெப்டைடு, டெக்னீசியத்தை ஒடுக்கும் வெள்ளீய உப்பு, துணைப் பிடிப்பான்கள் எல்லாம் முன்பே இருக்கும். பின்னால் சொல்லப்போகும் ஆக்ட்ரியோடைடு வகைப் பெப்டைடுக்கு இத்தகைய குப்பி போலந்தில் டெக்ட்ரோடிட் என்ற பெயரில் கட்டித் தயாராக வருகிறது. செய்ய முடியுமா என்ற சந்தேகத்துக்கு இடமில்லை.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது ஒப்பீடு ஆகாது. டெக்னீசியத்துக்குக் கதிரியக்கமில்லாத ஐசோடோப்பே கிடையாது. அமைப்பை உறுதிசெய்ய அதைப் போலவே நடந்துகொள்ளும் ரீனியம் என்ற உலோகத்தை வைத்து அனுமானிக்க வேண்டியிருக்கும். ஸ்பெக்ட் படம் பெட் படத்துக்கு ஈடில்லை. கழுத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு, இதைக் கவனிக்காதவர்கள் அதிகம். பெப்டைடோடு ஒட்டாமல் தனியாகத் திரியும் டெக்னீசியம் நேராகத் தைராய்டுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கும் போகும். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு அக்கம்பக்கத்தில்தான் இரண்டும் இருக்கின்றன. எலும்பு ஸ்கேனில் 5 சதவீதக் கலப்படம் பெரிதாகத் தெரியாது. இங்கே படத்தையே கெடுத்துவிடும். ஆகவே ஊசி போடும் முன் ஒவ்வொரு முறையும் குரோமட்டோகிராஃபி பட்டையில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். கரைப்பான் ஏறியபின் பட்டையை இரண்டாக வெட்டிக் கதிரியக்கத்தை எண்ணினால், தனி டெக்னீசியம் கரைப்பானோடு மேல் பாதிக்குப் போயிருக்கும், ஒட்டியது கீழே நிற்கும். மேல் பாதி சத்தம் போட்டால் அன்றைய குப்பி குப்பைக்கு. நோயாளி ஆலங்குளத்திலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்திருந்தாலும் அதுதான்.

இவ்வளவு மங்கலான கேமராவால் கழுத்துப் படிவு தெரியுமா என்பது நியாயமான கேள்வி. 2004-இல் நெதர்லாந்துக் குழு ஒன்று டெக்னீசியம் ஒட்டிய அனெக்சின் என்ற புரதத்தைக் கொண்டு நான்கு நோயாளிகளிடம் முயன்றது. அண்மையில் சிறு பக்கவாத அறிகுறி கண்ட இருவருக்குக் கழுத்தில் தெரிந்தது. சில மாதங்களுக்கு முன் அறிகுறி வந்துபோன மற்ற இருவருக்குத் தெரியவில்லை. நான்கு பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாது. கதவு திறக்கும் என்று சொல்ல அது போதும்.

எம்.ஆர்.ஐ. வழியை ஒரு பத்தியில் முடிக்கலாம். கதிரியக்கம் இல்லை, சுவர் அழகாகத் தெரியும். ஆனால் அந்தப் படத்தில் இடத்தைக் காட்டும் உலோகமான கடோலினியம் கண்ணுக்குப் பட வேண்டுமானால் மைக்ரோமோலார் அளவில் குவிய வேண்டும். பெட், ஸ்பெக்ட் முறைகளுக்கு அதில் மிகச் சிறு துளி போதும். சுவரில் ஏராளமாகக் கிடக்கும் ஒன்றைப் பிடித்தால்தான் எம்.ஆர்.ஐ. பலிக்கும். ரத்தக் கட்டியில் உள்ள ஃபைப்ரின் என்ற நார்ப்புரதம் அப்படிப்பட்டது. நான்கு கடோலினியம் கூண்டுகளைச் சுமந்த ஈபி-2104ஆர் என்ற பெப்டைடு அதைப் பிடித்து மனிதர்களிடமே கட்டியைக் காட்டியது. ஆனாலும் அது மருந்துக்கடைக்கு வந்து சேரவில்லை. கட்டி உருவான பிறகு காட்டுவது நமக்குத் தாமதமான செய்தியும்கூட. சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குக் கடோலினியம் கொடுப்பதில் உள்ள எச்சரிக்கை வேறு. நுண்குமிழி ஒட்டிய அல்ட்ராசவுண்ட் மலிவானது, குமிழி ரத்தத்தை விட்டு வெளியேறாது. உட்சுவரின் மேல்தோலைத் தவிர எதையும் தொடாது. ஒளிரும் சாயங்கள் ஆய்வக எலிக்கு நல்லவை, மனிதக் கழுத்துக்குத் தோல் தடுக்கும்.

இனி பெப்டைடு

கழுத்தும் டெக்னீசியமும் முடிவானபின் பெப்டைடு பட்டியல் தானாகவே சுருங்கிவிடுகிறது.

ஆர்ஜிடி என்ற மூன்று அமினோ அமில வரிசை (ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம்) செல்கள் பற்றிக்கொள்ளும் பிடி என்று 1984-இல் பியர்ஷ்பேக்கரும் ருவோஸ்லாட்டியும் கண்டுபிடித்தார்கள். படிவுக்குள் முளைக்கும் புது ரத்தக் குழாய்களிலும் மேக்ரோஃபேஜிலும் உள்ள இன்டெக்ரின் என்ற ஏற்பியில் (செல்லின் மேலுள்ள பிடிமானப் புரதத்தில்) இது ஒட்டும். மனிதக் கழுத்துத் தமனியில் ஃபுளோரின் ஒட்டிய ஆர்ஜிடி 2014-இல் வெளியான ஜெர்மனி நாட்டு ஆய்விலும், பெருந்தமனியில் எடின்பரோ ஆய்விலும் பார்க்கப்பட்டிருக்கிறது. ஐந்து அமினோ அமில வளையம் என்பதால் தயாரிப்பது எளிது. மாணவர்களைப் பழக்க இதைவிட நல்ல பெப்டைடு இல்லை: பிசின் மணிகளின் மேல் ஒவ்வோர் அமினோ அமிலமாகக் கோக்கும் மெரிஃபீல்டு முறை, ஒவ்வொரு கோப்புக்குப் பின்னும் நின்ஹைட்ரின் சோதனை. சில மணிகளைக் குழாயில் போட்டுச் சூடாக்கும்போது நீலமானால் இணைப்பு முடியவில்லை, மறுபடி கோக்க வேண்டும். மஞ்சளாகவே நின்றால் அடுத்ததற்குப் போகலாம். கிளைசினுக்குப் பதில் அலனினைப் போட்டால் ஒட்டும் குணம் போய்விடும், ஆக எதிர்ச்சான்றுப் பெப்டைடும் செலவில்லாமல் கிடைக்கிறது. (ஐப்பசி மழையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பத்துக்கு வருவதற்குள் திறந்தால் பொடி ஈரத்தைக் குடித்துப் பசையாகிவிடும். இதை எந்தக் கட்டுரையிலும் எழுதமாட்டார்கள்.) குறை, இந்த ஏற்பி அழற்சிக்கே உரியதல்ல. ஆறிவரும் புண்ணிலும் இருக்கும், புற்றுநோய்க் கட்டியிலும் இருக்கும். படிவில் தெரிந்தது கெட்ட செய்தியா, ஆறிவரும் செய்தியா என்று மருத்துவர் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனின் குடும்பம் வேறு வகை. உடலில் உள்ள சொமாட்டோஸ்டாட்டின் 14 அமினோ அமிலம் கொண்டது, ரத்தத்தில் சில நிமிடத்தில் சிதைந்துவிடும். அதன் சாரமான பகுதியை எட்டாகச் சுருக்கி, இரண்டு அமினோ அமிலங்களைக் கண்ணாடிப் பிம்ப வடிவத்துக்கு மாற்றி, கந்தகப் பாலத்தால் வளையமாக்கினார்கள். ஆக்ட்ரியோடைடு ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடித்தது. பெப்டைடைச் சிதையாமல் காக்க வேதியியல் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. அழற்சி ஏறிய மேக்ரோஃபேஜில் இரண்டாம் வகைச் சொமாட்டோஸ்டாட்டின் ஏற்பி இருக்கிறது. கேம்பிரிட்ஜ் குழுவினர் 2017-இல் 42 பேரிடம், கேலியம் ஒட்டிய இந்தக் குடும்பத்துப் பெப்டைடான டோட்டாடேட்டையும் எஃப்டிஜியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். இதயத் தசையின் ஒளிர்வால் 27 பேருக்கு எஃப்டிஜியின் இதயத் தமனிப் படம் படிக்கவே முடியாமல் போனது. டோட்டாடேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, அபாயமான படிவையும் அது நன்றாகப் பிரித்துக் காட்டியது. நரம்பு-நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்காக இதே மருந்து அமெரிக்காவில் 2016-லேயே அனுமதி பெற்றுவிட்டது. மனித உடலில் என்ன செய்யும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த பெப்டைடு, நச்சுத்தன்மைச் சோதனைகளைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எனக்கு இதுதான் எடையைச் சாய்க்கிறது. தைராய்டிலும் லேசாகச் சேரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒட்டாத டெக்னீசியத்தோடு அது சேர்ந்துகொண்டால் கழுத்துப் படம் இரட்டிப்பாகக் கெடும்.

அழற்சி தொடங்கும்போது தமனியின் உட்பரப்பில் முளைக்கும் விகேம்-1 புரதத்தைப் பிடிக்கும் பெப்டைடுகள், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் மேல் கோடிக்கணக்கான வரிசைகளைக் காட்டி வடிகட்டும் முறையில் கிடைத்தவை; அந்த முறைக்கு 2018-இல் ஜார்ஜ் ஸ்மித்தும் கிரெக் வின்டரும் வேதியியல் நோபல் பங்கு பெற்றார்கள். நோயின் தொடக்கத்தையே காட்டும் என்பதால் கேட்க இனிமையாக இருக்கிறது, எலியில் படங்களும் அருமை. மூன்றாண்டு நிதிக்குள் மனிதரை எட்டாது. அழற்சிச் செல்களில் உள்ள சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியைப் பிடிக்கும் ஐந்து அமினோ அமில வளையமும் வாக்குறுதி உள்ளதுதான், பெட் வசதியுள்ள ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தட்டணுவைப் பிடிக்கும் டெக்னீசியம் அப்சிடைடுக்கு 1998-லேயே கால் சிரை ரத்தக்கட்டிக்காக அமெரிக்க அனுமதி கிடைத்தது. வேதியியலில் அது தோற்கவில்லை; டாப்ளர் கையில் இருக்கும்போது மருத்துவர் அதை ஏன் கேட்பார் என்பதற்குத்தான் பதிலில்லை. நம் பெப்டைடுக்கும் அந்தக் கேள்வி வரும். டாப்ளர் அடைப்பைச் சொல்லும், அழற்சியைச் சொல்லாது என்ற பதிலை இப்போதே எண்களோடு தயார் செய்ய வேண்டும்.

எதில் சோதிப்பது

சுண்டெலியில் செய்வது உலக வழக்கம். ரத்தக் கொழுப்பை அகற்ற உதவும் ஏபிஓஇ மரபணுவை நீக்கிய எலிக்குக் கொழுப்புணவு கொடுத்தால் படிவு வரும். ஆனால் அந்தப் படிவு மனிதரைப் போல வெடிப்பது அரிது, அதன் பெருந்தமனி காமா கேமராவுக்குப் புள்ளியாகக்கூடத் தெரியாது. முயலுக்குக் கொலஸ்ட்ரால் கொடுத்துப் படிவு உண்டாக்கும் முறையை அனிச்ச்கோவ் 1913-லேயே காட்டிவிட்டார். பெருந்தமனி போதுமான அளவு, சாதாரணக் கேமராவில் பார்க்கலாம். விலங்கு என்றால் என் ஓட்டு முயலுக்கு, விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்தபின். ஆனால் இரண்டுக்கும் முன்னால், அறுவை சிகிச்சையில் எடுத்த மனிதப் படிவு. விலங்கின் ஏற்பி மனித ஏற்பிபோலவே நடந்துகொள்ளும் என்று நம்பி முதலீடு செய்ய வேண்டாம்.

அறுவை அறையிலிருந்து வரும் படிவு மஞ்சளும் பழுப்புமாக, சுண்ணாம்புத் துகள் நெருடும் ஒரு சிறு துண்டு. உறையவைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, அடுத்தடுத்த மூன்று சீவல்களை எடுக்க வேண்டும். முதலாவதில் டெக்னீசியம் ஒட்டிய பெப்டைடு. இரண்டாவதில் அதோடு நூறு மடங்கு கதிரியக்கமில்லாத பெப்டைடு. ஏற்பிகள் எல்லாம் நிரம்பி, கதிர்ப்படம் மங்க வேண்டும். மூன்றாவதில் மேக்ரோஃபேஜைக் காட்டும் சிடி68 சாயம். முதல் சீவலின் கரும்புள்ளிகள் மூன்றாவதன் சாயத்தோடு பொருந்த வேண்டும். பொருந்துகிறது, இரண்டாவதில் மங்குகிறது என்றால் முயலுக்குப் போகலாம். மங்கவில்லை என்றால் பெப்டைடு சும்மா கொழுப்பில் ஊறிக் கிடக்கிறது என்று பொருள். இன்னும் பத்துப் படிவுகளை வெட்டினாலும் அது மாறாது.

கல்லூரியில் நடக்கக்கூடியது பெப்டைடு கோப்பதும் தூய்மைப்படுத்துவதும் மட்டும். டெக்னீசியத்தைத் தொடும் எந்த வேலையும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் உள்ள இடத்தில்தான் நடக்க வேண்டும், ஆகவே அணு மருத்துவப் பிரிவோடு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் முதல் மாதமே வேண்டும். மதியம் மிஞ்சும் டெக்னீசியம் யாருக்கு, எந்தக் கிழமை, கேமரா எத்தனை மணிக்குக் காலி, பட்டையை எண்ணுவது யார் என்பது வரை அதில் இருக்கட்டும். மனிதருக்கு ஊசி போடுவது 2019-ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகளுக்குள் வரும். அதற்கான காகித வேலை மூன்றாவது ஆண்டை முழுதாக விழுங்கும் என்று கணக்கில் வையுங்கள்.

என் முடிவை இரண்டு சூழ்நிலைகள் மாற்றும். நெல்லையிலேயே ஒரு மருத்துவமனை புற்றுநோய்க்காகக் கேலியம் ஜெனரேட்டரை வாங்கி, நாள்தோறும் ஓட்டுகிறது என்றால் டெக்னீசியத்தை விட்டுவிட்டு அன்றே கேலியத்துக்கு மாறிவிடுவேன்; பங்குச் செலவில் பெட் படம் கிடைக்கும்போது மங்கலான கேமராவோடு மல்லுக்கட்டுவது பிடிவாதம். அறுவை சிகிச்சை நிபுணர் ஆண்டுக்கு எத்தனை கழுத்துப் படிவுகள் தர முடியும் என்பது இரண்டாவது. விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்றால், மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள அறுவைப் பிரிவுகளிடம் உறையவைத்த மாதிரிக்குக் கேட்டு, பதில் கையில் வந்த பிறகுதான் பிசின் மணிகளுக்கே ஆர்டர் கொடுக்க வேண்டும்.